தந்திக்குப் பின்னால் வந்த கடிதம்

செமின் கிரனியே
6 ஜனவரி 1934

தம்பி லோகுவுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதபோதுதான் உனக்கு வீட்டு ஞாபகம் வந்து ஒழுங்காகக் கடிதம் எழுதுவாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் இருப்பது ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கான உன் விண்ணப்பம். படிவம் வெறுமையாக இருக்கிறது. அதில் எழுத வேண்டியதையெல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: உன் கையால் அழகாகப் படியெடுத்து, கையெழுத்துப் போட்டு, போர்ட் லூயித் துறைமுகத்திலிருந்து மெயில் கப்பல் தீவை விட்டுப் புறப்படுவதற்குள் தபாலில் சேர்ப்பது. படியெடுக்கும் முன் கையைக் கழுவு. போன மாதம் நீ அனுப்பிய லத்தீன் பாடத்தாளில் வினைச்சொல் எது, கிரீஸ் கறை எது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கேள்விக்குத்தான் நாலு நாள் ஆனது. "மருத்துவம் பயில விரும்புவதன் காரணம் யாது?" நீ இத்தனை வருஷத்தில் ஒரு காரணமும் சொன்னதில்லை. அதனால் பக்கத்து வீட்டு பியெரெட்டின் பிரசவத்தை எழுதிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் புயலன்று ஆற்றில் வெள்ளம் ஏறி டாக்டர் வரமுடியாமல் போனதே, அது. அதைவிட நல்ல காரணம் நம் வீட்டில் வேறு கிடையாது. நீயும் அன்று வீட்டில் இருந்தாய் என்பது உண்மைதான். எந்த இடத்தில் இருந்தாய் என்று அவர்கள் கேட்கப் போவதில்லை.

அப்பா தினம் கேட்கிறார்: "லோகு காயிதம் போயிடுச்சா?" நேற்று கரும்புக்குக் களையெடுத்துவிட்டு வந்த கையோடு, தலைப்பாகையைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து, நான் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எழுந்து தலைப்பாகையை அவிழ்க்கப் போனார்.

உன் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டும்போது சின்னம்மா வீட்டில் தங்கிப் படிக்கப் போன நீ வேலை பார்க்கும் ஜில்பெரின் பஸ் கராஜ் வரும் இடங்களிலெல்லாம் "லத்தீன் வகுப்பு" என்று மாற்றிப் படிக்கிறேன். "லத்தீன் வகுப்பில் இன்று கியர் பெட்டியைக் கழற்றினோம்" என்று வாய் தவறிப் படித்துவிட்டேன். நல்லவேளை, லத்தீன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

தமிழிலேயே பதில் எழுது. பிரெஞ்சில் எழுதினால் தபாலாபீஸ் போலெட் மதாம் எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள்.

உன் அக்கா
செங்கமலம்


ட்ரியோலே
14 ஜனவரி 1934

அக்கா,

பொங்கல் வாழ்த்து. சின்னம்மா வீட்டில் சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. அதையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

விண்ணப்பம் போய்விட்டது! சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவி, சின்னம்மாவின் வெள்ளைத் துணியை மேசையில் விரித்து, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். நீ எழுதியதில் ஒரு வரியையும் தொடவில்லை. ஓரிரு சொல் மட்டும் மாற்றினேன். சின்னத் திருத்தம்தான். அப்பாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல். கப்பல் போவதைத் துறைமுகத்தில் நின்று பார்த்துவிட்டே வந்தேன்.

லத்தீன் வாத்தியார் போன சனிக்கிழமை என் தோளைத் தட்டி, "லத்தீன் உன் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது" என்றார். அந்த ரத்தம் செமின் கிரனியேயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்து தபாலில் அனுப்புகிறது என்று நான் சொல்லவில்லை. இந்த வாரப் பாடத்தையும் இணைத்திருக்கிறேன். வியாழனுக்குள் வேண்டும்.

ஜில்பெர் புது பஸ் வாங்கியிருக்கிறார். புது என்றால் அவருக்குப் புது. எஞ்சினை முழுக்கப் பிரித்து, கழுவி, மறுபடி பூட்டினேன். கடைசியில் ஒரு திருகுகூட மிஞ்சவில்லை, அக்கா! அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. "மோன் காமராத், என் தோழா, நீ எதுக்கு டாக்டர் ஆகணும்? என் பஸ்ஸுக்கு டாக்டர் நீதான்" என்கிறார்.

இதைப் படிக்கும்போது லத்தீன் என்று மாற்றிக்கொள்.

லோகு


செமின் கிரனியே
2 ஏப்ரல் 1934

லோகு,

இன்று காலை ஸ்காட்லாந்திலிருந்து ஒரு உறை வந்தது. அதன் மேல் "மிஸ் செங்கமலம் பொன்னுசாமி" என்று இருக்கிறது.

முதலில் அவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்துப் படித்தேன். "தங்கள் விண்ணப்பத்தைப் படித்து மகிழ்ந்தோம்" என்று இருக்கிறது. மருத்துவத்தில் எனக்கு ஓர் இடம் தர விரும்புகிறார்களாம். நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் லத்தீன் தேர்வு எழுத வேண்டுமாம். தந்தையின் சம்மதம் வேண்டுமாம்.

எந்த விண்ணப்பம்? யார் அனுப்பியது?

அப்பா வயலில் இருக்கிறார். உறையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். உடனே பதில் எழுது. கராஜ், எஞ்சின், ஜில்பெர் எதுவும் வேண்டாம். பதில் மட்டும்.

செங்கமலம்


ட்ரியோலே
5 ஏப்ரல் 1934

அக்கா,

நான்தான்.

எப்படி நடந்தது என்று அப்படியே சொல்கிறேன். அன்று படியெடுக்க உட்கார்ந்தபோது உன் பெயரைப் போடும் எண்ணமே எனக்கு இல்லை. முதல் பக்கம் எழுதினேன். பிறந்த தேதி, படித்த பள்ளி எல்லாம் என்னுடையதுதான். கடைசிக் கேள்விக்கு வந்தேன். "வெந்நீரில் கத்தரிக்கோலைப் போட்டேன். குழந்தை நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்தேன். அது அழும்வரை நான் மூச்சுவிட்டதாக ஞாபகம் இல்லை." இந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அக்கா, அதை எழுதினால் பொய். நான் அந்தக் குழந்தையைத் தொடவில்லை. ரத்தத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கண் இருட்டுகிறது. போன வாரம் கராஜில் ஒருவன் விரலை நசுக்கிக்கொண்டான். அவனுக்கு முன்னால் நான் மயங்கி விழுந்தேன். அவன்தான் எனக்குத் தண்ணீர் தெளித்தான்.

நீ எழுதியதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாளில் உன் பெயர், உன் தேதி, உன் பள்ளி என்று எழுதினேன். மறுநாள் ரயிலேறி க்யூர்பிப்புக்கு, நீ படித்த கன்னியர் பள்ளிக்குப் போனேன். தலைமை மதர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, ஏதோ பழுதுபார்க்க வந்தவன் என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "இல்லை மதர், என் அக்காவுக்கு நற்சான்று வேண்டும்" என்றேன்.

"உங்க அக்கா யாரு?"

"செங்கமலம் பொன்னுசாமி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவளே கேட்டு வருவான்னு அஞ்சு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். அவ ஏன் வரல?"

"அவளுக்கு வீட்ல வேலை அதிகம், மதர்."

இந்த ஒரு பதிலைச் சொல்லும்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்த வேலையில் பாதி என் வீட்டுப்பாடம். நற்சான்றையும் உன் தேர்வு முடிவின் நகலையும் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மூன்று பக்கம், அக்கா. என்னைப் பற்றி யாராவது அரைப் பக்கம் எழுதினால் அன்றைக்கே செத்துப்போவேன்.

கையெழுத்தும் நானே போட்டேன். அது தப்புதான். ஆனால் அவர்கள் உன்னைக் கூப்பிடுகிறார்கள்! என்னைக் கூப்பிடவில்லை, உன்னை!

லோகு


செமின் கிரனியே
9 ஏப்ரல் 1934

திரு. லோகநாதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் என் பெயரில் கள்ளக் கையெழுத்து இட்டதையும், நான் படித்த பள்ளிக்குச் சென்று எனக்காகக் கைநீட்டியதையும், மூன்று மாதம் அதை என்னிடம் மறைத்ததையும் அறிந்துகொண்டேன்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேற்றே கடிதம் எழுதிவிட்டேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்." இன்று காலை போலெட் மதாம் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக் கப்பலில் போய்விடும். எனவே தாங்கள் இதைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த வார லத்தீன் பாடத்தைச் செய்யாமல் திருப்பி அனுப்புகிறேன்.

லோகு, ஏண்டா இப்படிச் செய்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? எல்லோருக்கும் எனக்காக முடிவு செய்யத் தெரிகிறது. நான் க்யூர்பிப்பிலிருந்து திரும்பி வரவேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். நீ டாக்டர் ஆக வேண்டும், நான் உனக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் முடிவு. இப்போது நான் கப்பலேற வேண்டும் என்று நீ முடிவு செய்கிறாய். அது நல்ல முடிவாகவே இருக்கட்டும். கேட்டிருக்க வேண்டும்.

அப்பாவை நினைத்தாயா? கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "பையன் சீமைக்குப் போறான்" என்கிறார். அவரிடம் நான் போய் என்ன சொல்வது? உங்கள் பையன் போகவில்லை, பஸ்ஸுக்கு எண்ணெய் போடுகிறான், நான் போகிறேன், சோறு அடுப்பில் இருக்கிறது என்றா?

அந்த உறையை இன்னும் கிழித்தெறியவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன். அப்பா வந்துவிட்டார்.

செங்கமலம்


ட்ரியோலே
12 ஏப்ரல் 1934

அக்கா,

உன் கடிதம் வந்ததும் ஜில்பெரின் லாரியை எடுத்துக்கொண்டு போர்ட் லூயித் தலைமைத் தபால் நிலையத்துக்குப் பறந்தேன். பை கட்டி முத்திரை வைத்தாகிவிட்டது, ராஜாவே வந்து கேட்டாலும் அவிழ்க்க முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

நீ சொன்னதும் நியாயம். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. அதனால்தான் அது தப்பு என்று இப்போது புரிகிறது. என்னை மன்னித்துவிடு.

இப்போது கேட்கிறேன். உனக்குப் போக ஆசையா? அப்பா என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும், குளிர் எப்படி இருக்கும், இதெல்லாம் வேண்டாம். ஆசையா, இல்லையா? ஒரே வார்த்தை எழுது. இல்லை என்று வந்தால் இனி வாயைத் திறக்க மாட்டேன்.

நீ என்ன எழுதினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வருகிறேன். கராஜ் விஷயத்தை அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன். இத்தனை நாள் நீதான் எனக்காகப் பொய் படித்தாய். அது போதும்.

லத்தீன் பாடத்தை நானே செய்தேன். வாத்தியார் பார்த்துவிட்டு எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

லோகு


செமின் கிரனியே
17 ஏப்ரல் 1934

தம்பி லோகு,

ஞாயிற்றுக்கிழமை கராஜ் விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டு நீ வேலியைத் தாண்டி ஓடியதில் கால் சுளுக்கிக்கொண்டதாக சின்னம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு. அப்பா எறிந்தது உன் மேல் படாததில் அவருக்கு நிம்மதிதான். காட்டிக்கொள்ளவில்லை. நீ போனபின் அந்தக் கரும்புக் கட்டையை அவரே போய் எடுத்து விறகோடு வைத்தார்.

நீ போனபின் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. நான் தட்டை எடுக்கப் போனபோது, "அந்தக் காயிதத்தைப் படி" என்றார்.

"எதைப்பா?"

"சீமைக்கு எழுதினியே, அது. தமிழ்ல சொல்லு."

நான் முதலில் கிறுக்கிய தாள் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். புயல், வெள்ளம், வெந்நீர், கத்தரிக்கோல், நீலமாக இருந்த குழந்தை. முடித்தேன்.

"இதுல 'நான்' 'நான்'னு வருதே, அது யாரு?"

தாளை மடித்தேன்.

"லோகுன்னு சொல்லாதே. அன்னைக்கு அவன் கட்டிலுக்கடியில கிடந்தான். நான்தான் காலைப் புடிச்சு வெளிய இழுத்தேன். போன தடவை படிச்சப்பவே எனக்குக் கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா நீ அழுவியோன்னு விட்டுட்டேன்."

லோகு, அப்போதுதான் அரிசி டின்னிலிருந்து உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ கையெழுத்துப் போட்டது, நான் வேண்டாம் என்று எழுதியது, எல்லாம். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் அதில் அரிசித் தவிடு ஒட்டியிருந்ததைத் துடைத்தார்.

"பொம்பளப் புள்ள தனியா கப்பல்லயா?" என்றார். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வயலுக்குப் போனவர் அரை மணியில் திரும்பி வந்தார். வாசலில் பியெரெட்டின் குழந்தை கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, சாமிகிட்ட நம்ம வீட்ல ஒரு டாக்டர் வேணும்னு கேட்டேன். ஆம்பளையா வேணும்னு சேர்த்துத்தான் கேட்டேன்னு நெனைக்கிறேன். சாமி பாதியை மட்டும் கேட்டுக்கிச்சு போல." பிறகு, "உனக்குப் போகணுமா?" என்றார்.

இருபத்து மூன்று வயதில் அந்தக் கேள்வியை இரண்டு பேர் ஒரே வாரத்தில் என்னிடம் கேட்டீர்கள். பதில் எனக்கே தெரியாது என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்துவிட்டது.

"போகணும்பா."

உனக்கென்று மேற்குப் பக்கம் விட்டுவைத்த இரண்டு ஆர்ப்பான் நிலத்துக் கரும்புப் பணம் இனி என் படிப்புக்காம். உன் மேல் கோபம் தீரவில்லையாம். தீரும்வரை நீ வீட்டுப் பக்கம் வரக்கூடாதாம். ஆனால் கால் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கேட்கச் சொன்னார்.

நீ கேட்ட ஒரே வார்த்தை: ஆம்.

ஆனால் என் மறுப்புக் கடிதம் கடலில் போய்க்கொண்டிருக்கிறதே! அதை முந்திக்கொண்டு போகத் தந்தியால்தான் முடியும். நீ உடனே போர்ட் லூயிக்குப் போ. நான் என் கையால் புது விண்ணப்பம் எழுதி, முதல் கையெழுத்து யாருடையது என்பதையும் ஒளிக்காமல் எழுதி, அப்பாவின் கைநாட்டோடு அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். பொய்யின் மேல் ஏறி நான் டாக்டராக மாட்டேன். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அக்கா


ட்ரியோலே
20 ஏப்ரல் 1934

அக்கா, அக்கா, அக்கா!

உன் கடிதத்தை பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே படித்தேன். எழுந்து குதிக்கப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. மயங்கவில்லை. நீ போகிறாய் என்றதும் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது போல.

தந்தி போயாயிற்று. ஜில்பெரும் கூடவே வந்தார். முதலில் நான் எழுதியதைத் தந்தி குமாஸ்தா க்ளோட்டிடம் நீட்டினேன். "மதிப்பிற்குரிய ஐயா, என் அக்கா கோபத்தில் எழுதிய கடிதம் ஒன்று தங்களை வந்தடையும், அதற்கு முழுப் பொறுப்பும் நானே" என்று தொடங்கி ஒரு பக்கம். க்ளோட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முஸ்யே, இது தந்தியா, பிரசங்கமா? ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியா வாங்குவாங்க."

"சரி, மதிப்பிற்குரிய ஐயாவை எடுத்துடுங்க."

"கோபமும் வேணாம்," என்றார் ஜில்பெர். "கோபம் அவங்களுக்கு எதுக்கு?"

"பொறுப்பு?" என்றார் க்ளோட்.

"அதுவும் வேணாம். அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

இப்படி மூன்று பேரும் சேர்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டோம். வரிசையில் நின்றவர்களும் யோசனை சொன்னார்கள். கடைசியில் நின்றது இது: "வரும் மறுப்புக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். வருகிறேன். செங்கமலம் பொன்னுசாமி." பெயரைச் சுருக்கலாம் என்றார் க்ளோட். அதில் ஓர் எழுத்தும் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை உன்னைக் கேட்டுத்தான் உன் பெயரைப் போட்டேன் என்பதைக் குறித்துக்கொள்.

லத்தீன் வாத்தியாரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அரை நிமிஷம் என்னை முறைத்தார். பிறகு, "அப்படியானால் பாடத்தை நேராக அவளுக்கே அனுப்புகிறேன், நடுவில் கிரீஸ் எதற்கு" என்றார்.

கால் சரியாகிவிட்டது. அப்பாவிடம் சொல். கோபம் எந்த அளவில் இருக்கிறது என்றும் எழுது.

லோகு


செமின் கிரனியே
9 ஜூலை 1934

தம்பி லோகுவுக்கு,

கோபம் இப்போது கணுக்காலளவு. இன்று வந்த செய்தியில் அதுவும் வடிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தின் பதில் வந்தது. பதிவாளர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அப்படியே தமிழில் தருகிறேன்:

"அன்புள்ள மிஸ் பொன்னுசாமி, ஏப்ரல் மாதத்தில், எங்களுக்கு வராத ஒரு கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு தந்தி வந்தது. அவ்வாறே செய்தோம். இரண்டரை வாரம் கழித்து அக்கடிதம் வந்தது. ஏற்கெனவே கேட்டுக்கொண்டபடி அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் தங்கள் இரண்டாவது விண்ணப்பமும், முதலாவது எவ்வாறு எழுதப்பட்டது என்ற விளக்கமும் வந்தன. எங்கள் குழு இரண்டையும் ஒப்பிட்டது. கருத்து ஒன்றே, எழுத்துப்பிழைகள் இரண்டாவதில் வெகு குறைவு. தாங்கள் கேட்கப்படாமலே உண்மையைச் சொன்னதைக் குழு மதிக்கிறது. தங்களுக்கு அளித்த இடம் அப்படியே இருக்கிறது. இனித் தங்களுக்குரிய கையெழுத்துகளைத் தாங்களே இடுவீர்கள் என்று நம்புகிறோம். தங்கள் தம்பிக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கவும்."

அப்பாவுக்கு இதை ஏழு தடவை சொல்லிக் காட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "தம்பிக்கு வணக்கம்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்கிறார். "சீமைத் துரை இவனுக்கு வணக்கம் சொல்றாரா? எஞ்சினுக்கு எண்ணெய் போடறவனுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். உள்ளே சிரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஊரில் பேசத்தான் செய்கிறார்கள். கோயிலில் ஒருவர் அப்பாவிடம், பெண்ணை அனுப்பினால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டாராம். அப்பா, "உன் பேத்திக்குக் காய்ச்சல் வந்தா என் பொண்ணுகிட்டதான் தூக்கிட்டு வருவே, அப்ப பேசிக்கலாம்" என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பியெரெட் சொன்னாள்.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது, லோகு. கோட்டு தைக்கக் கம்பளித் துணி வாங்கியிருக்கிறோம். மேலே போர்த்திப் பார்த்தால் கரடி மாதிரி இருக்கிறேன். அங்கே அரிசி கிடைக்குமா என்று தெரியவில்லை. பெயரைச் சொன்னால் புரிந்துகொள்வார்களா என்று தெரியவில்லை. முகவரி அழிந்த தபால் பை மாதிரி நடுவழியில் நின்றுவிடுவேனோ என்று சில நாள் தோன்றுகிறது. பிறகு லத்தீன் புத்தகத்தைத் திறக்கிறேன், சரியாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 24 கப்பல். நீ ஒரு வாரம் முன்னதாகவே வா. அப்பா வரச் சொன்னார். வேலியைத் தாண்ட வேண்டாம், வாசல் வழியாக வரலாம் என்றும் சொல்லச் சொன்னார்.

அக்கா


ட்ரியோலே
26 ஆகஸ்ட் 1934

அக்கா,

இந்தக் கடிதம் உன் விடுதி முகவரிக்கு வருகிறது. நீ போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் இது வந்து சேரும். அதற்குள் லத்தீன் தேர்வு முடிந்திருக்கும். நீ தேறியிருப்பாய். எனக்காக எழுதியே தேறிய ஆள் நீ.

கப்பலில் இருந்து நீ கையசைத்தது தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை, ஆனாலும் கப்பலில் தெரிந்த எல்லோருக்கும் சேர்த்துக் கையசைத்தார். பியெரெட்டின் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். நாமெல்லாம் ஜில்பெரின் பஸ்ஸில் வந்தோமே, திரும்பும்போதும் அதே கூட்டம்தான், நீ மட்டும் இல்லை.

பீனிக்ஸ் தாண்டும்போது மேட்டில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. சாரல் மழை, குளிர். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா நான் ஓட்டும் பஸ்ஸில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. இறங்கி, மூடியைத் திறந்து குனிந்தேன். கொஞ்ச நேரத்தில் என் மேல் மழை விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கும் எஞ்சினுக்கும் குடை, அவர் முதுகெல்லாம் நனைகிறது.

"உள்ள போய் உக்காருங்கப்பா."

"நீ பாரு," என்றார்.

தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. துணி சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். ஆறட்டும் என்று காத்திருந்து தண்ணீர் ஊற்றினேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியைச் சுழற்றினேன். இரண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்ளே எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்பா குடையை மடக்கவில்லை.

"ஏண்டா லோகு, அவ போற கப்பல்லயும் இந்த மாதிரி எஞ்சின்தானா?"

"இதைவிடப் பெரிசுப்பா. வீடு மாதிரி இருக்கும்."

"நடுக்கடல்ல நின்னுட்டா?"

"நிக்காதுப்பா. நின்னாலும் சரிபண்ண உள்ள ஆள் இருப்பாங்க. அதுக்குன்னே இருப்பாங்க."

"உன்னை மாதிரியா?"

அக்கா, தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்பா கடல் இருக்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது. பிறகு குடையை என் கையில் கொடுத்தார்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறி, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

லோகு